மருந்து எதிர்ப்பு என்பது காசநோய்க் கிருமியின் மரபுக்கிளையைப் பொறுத்ததா?

ஆய்வு மாணவி:

வணக்கம். முதுகலை ஆய்வேட்டுக்காகப் பொதுத் தரவுத்தளங்களில் உள்ள காசநோய்க் கிருமியின் முழு மரபணு வரிசைகளை எடுத்து, எச்37ஆர்வி எனும் மேற்கோள் திரிபோடு (ஒப்பீட்டுக்குப் பொது அளவுகோலாகக் கொள்ளப்படும் கிருமி வகை) ஒப்பிட்டு, எந்தத் திரிபில் எந்தப் பிறழ்வு (மரபணு மாற்றம்) இருக்கிறது என்று பட்டியலிட்டு வருகிறேன். மனிதரைப் பீடிக்கும் இக்கிருமிக் குடும்பம் எண்ணிட்ட பல மரபுக்கிளைகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதும், இரண்டாம் கிளையின் பெரும்பகுதி பெய்ஜிங் குடும்பம் என்று அழைக்கப்படுவதும் எனக்குத் தெரியும். ஆனால் படிக்கும் கட்டுரைகள் பலவற்றில் பெய்ஜிங் குடும்பம் என்றாலே மருந்துக்கு அடங்காதது என்றும், முதலாம் கிளை சாதுவானது என்றும் ஏறக்குறைய ஒரு முடிந்த தீர்ப்பைப் போல எழுதப்பட்டிருப்பதைக் காண்கிறேன். அதை அப்படியே என் முன்னுரையில் எழுதுவதற்கு மனம் ஒப்பவில்லை.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. ஐசோனியாசிட் மருந்தோடு தொடர்புடைய கேட்-ஜி மரபணுவின் 463 ஆவது இடத்திலும், ஃப்ளூரோகுயினோலோன் மருந்துகளோடு தொடர்புடைய ஜைர்-ஏ மரபணுவின் 95 ஆவது இடத்திலும், என்னிடம் உள்ள ஒன்று, இரண்டு, மூன்றாம் கிளைத் திரிபுகள் எல்லாவற்றிலும் மாற்றம் தென்படுகிறது. அப்படியானால் இந்த மூன்று கிளைகளும் பிறவியிலேயே எதிர்ப்புக் கொண்டவையா? அவற்றுள் பல, ஆய்வகச் சோதனையில் எல்லா மருந்துகளுக்கும் கட்டுப்பட்டன என்று அதே தரவுத்தளத்தில் குறிக்கப்பட்டிருக்கிறதே? எதிர்ப்பு என்பது கிளையின் குணமா அல்லது ஒவ்வொரு திரிபும் தனியே சம்பாதித்துக்கொள்வதா என்பதையும், கிளையின் பெயரைப் பார்த்துச் சிகிச்சையில் ஏதேனும் மாறுமா என்பதையும் அறிந்தவர்கள் விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

மரபணுவியல் ஆய்வர்:

உங்கள் இரண்டாவது குழப்பத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்குள்ளேயே முதல் கேள்விக்கான விடையின் பாதி இருக்கிறது. கேட்-ஜி 463, ஜைர்-ஏ 95 ஆகிய இரண்டும் எதிர்ப்புப் பிறழ்வுகள் அல்ல. நீங்கள் ஒப்பிடுகிற எச்37ஆர்வி நான்காம் கிளையைச் சேர்ந்த திரிபு. 1998 இல் இக்கிருமியின் முழு வரிசை முதன்முதலாக வெளியானபோது அந்தத் திரிபின் வரிசையே வெளியானது, அதனால் அதுவே அளவுகோலாக நிலைத்துவிட்டது. கேட்-ஜி 463 இல் அதற்கு ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது, ஒன்று முதல் மூன்று வரையான கிளைகளுக்கு லியூசின் இருக்கிறது. ஜைர்-ஏ 95 இல் நிலைமை இன்னும் வியப்பானது: உலகின் பெரும்பாலான திரிபுகளுக்கு அங்கே திரியோனின் இருக்க, எச்37ஆர்வியும் அதன் நெருங்கிய உறவுத் திரிபுகளும் மட்டுமே செரின் வைத்திருக்கின்றன. அதாவது மாறியது நம் அளவுகோலே. பட்டியலில் மாறியவையாகத் தோன்றுபவை பழைய நிலையில் அப்படியே இருப்பவை. இந்த இரண்டு இடங்களும் மருந்துகள் கண்டுபிடிக்கப்படுவதற்கு வெகுகாலம் முன்பே பிரிந்துபோன கிளைகளின் அடையாளக் குறிகள் என்று 1997 இலேயே காட்டப்பட்டது. இருந்தும் இவற்றை எதிர்ப்பின் காரணம் என்று எண்ணிய கட்டுரைகள் அதற்குப் பின்னும் வந்துகொண்டிருந்தன என்பது இத்துறையில் இருப்பவர்களுக்கு வருத்தமான நினைவு.

இனி முதல் கேள்வி. காசநோய்க் கிருமியின் மருந்து எதிர்ப்பைப் புரிந்துகொள்ள ஓர் அடிப்படை உண்மையை மனத்தில் இருத்த வேண்டும். குடல் பாக்டீரியாக்கள் எதிர்ப்பு மரபணுக்களைப் பிளாஸ்மிட் எனும் சிறு டி.என்.ஏ. வளையங்கள் வழியாக ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொள்வதைப்போல இந்தக் கிருமி செய்வதில்லை. இதன் எதிர்ப்பு முழுவதும் அதன் சொந்தக் குரோமோசோமில், சுமார் 44 லட்சம் எழுத்துகள் கொண்ட அந்த ஒரே வரிசையில், செல் பிரியும்போது நேர்கிற நகல் பிழைகளால் உண்டாகிறது. உண்டான பிழை தாயிடமிருந்து சேய்க்கு மட்டுமே போகிறது. ஆகவே பெய்ஜிங் குடும்பத் திரிபு ஒன்று அடைந்த எதிர்ப்பு பக்கத்தில் இருக்கும் முதலாம் கிளைத் திரிபுக்குத் தொற்றாது. அதே குடும்பத்தின் வேறொரு திரிபுக்கும் தொற்றாது. ஒவ்வொரு முறையும் அது புதிதாகத் தோன்ற வேண்டும், தோன்றியபின் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குக் காற்றுவழியே பரவ வேண்டும்.

அந்தத் தோற்றம் எத்தனை எளிது என்பதை ஸ்ட்ரெப்டோமைசினின் முதல் பெரிய சோதனை காட்டியது. 1948 இல் வெளியான பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வுக் குழுவின் முடிவில், அம்மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேரும் ஆறு மாதத்துக்குள் இறந்திருந்தார்கள். அதுவரை கையில் எதுவுமே இல்லாதவர்களுக்கு அது பெரும் நம்பிக்கை அளித்திருக்க வேண்டும். ஆனால் மருந்து பெற்றவர்களில் பெரும்பாலானோரின் கிருமி சில மாதங்களிலேயே எதிர்ப்பைப் பெற்றது. ஐந்தாண்டுகள் கழித்துப் பார்த்தபோது இரு குழுக்களின் இறப்புக்கும் இடையே இருந்த வேறுபாடு பெரிதும் சுருங்கியிருந்தது. கூட்டு மருந்துகள் பிறந்தது இந்த அனுபவத்திலிருந்துதான். ஐசோனியாசிடுக்கு எதிரான பிறழ்வு ஏறத்தாழ 10 லட்சம் கிருமிகளில் ஒன்றிலும், மற்றொரு முதன்மை மருந்தான ரிஃபாம்பிசினுக்கு எதிரானது ஏறத்தாழ 10 கோடியில் ஒன்றிலும் தானாகவே காணப்படும் என்று கொண்டால், நுரையீரல் குழிவு ஒன்றில் 10 கோடி முதல் 100 கோடி வரை கிருமிகள் இருக்கக்கூடும் என்பதால், இரண்டு வகைக் கிருமிகளும் மருந்து தொடங்கும் முன்பே அங்கே இருக்கின்றன. ஒரே கிருமியில் இரண்டும் சேர்ந்து அமைய ஒரு கோடி கோடி கிருமிகள் வேண்டும். அவ்வளவு எண்ணிக்கை எந்த நோயாளியிடமும் இருப்பதில்லை. மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதன் கணக்கு இதுதான். பற்றாக்குறையாலோ, இடைநிறுத்தத்தாலோ, ஏற்கெனவே ஒன்றுக்கு எதிர்ப்பு இருப்பது தெரியாமல் கொடுத்ததாலோ, நடைமுறையில் ஒரே ஒரு மருந்து மட்டும் வேலை செய்கிற நிலை வரும்போது இந்தக் கணக்கு உடைகிறது.

இந்தக் கணக்கில் எங்கும் கிளையின் பெயர் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். இருந்தாலும், கிளைக்கு இதில் பங்கே இல்லை என்று சொன்னால் அதுவும் தவறாகும். இரண்டாம் கிளைத் திரிபுகள் ஆய்வகத்தில் ரிஃபாம்பிசின் எதிர்ப்பை நான்காம் கிளைத் திரிபுகளைவிட விரைவாகப் பெற்றன என்று 2013 இல் ஓர் ஆய்வு காட்டியது. அதற்குப் பத்தாண்டுகள் முன் அதே வகைச் சோதனையைச் செய்த மற்றொரு குழுவுக்குப் பெய்ஜிங் திரிபுகளுக்கும் மற்றவற்றுக்கும் இடையே வேறுபாடு எதுவும் கிடைக்கவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது என் கணிப்பு இது: பிறழ்வு வேகத்தில் வேறுபாடு இருந்தாலும் அது சில மடங்கு என்ற அளவில்தான் இருக்க முடியும், அதுவும் எல்லாப் பெய்ஜிங் திரிபுகளுக்கும் பொதுவானதாக இருக்க வேண்டியதில்லை, நாடுகளுக்கிடையே எதிர்ப்பின் அளவில் நாம் காணும் பெரும் வேறுபாட்டை அது ஒன்றே விளக்கிவிடாது.

மீதியை விளக்குவது வரலாறு. பெய்ஜிங் குடும்பம் என்ற பெயர் 1995 இல் வந்தது. 1990களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் பல மருந்துகளுக்கு அடங்காமல் மருத்துவமனைகளிலும் சிறைகளிலும் பரவிய, டபிள்யூ என்று பெயரிடப்பட்ட திரிபும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததாக அமைந்தது, அதிலிருந்து குடும்பம் முழுவதன் மீதும் ஒரு முத்திரை விழுந்தது. 2015 இல் 99 நாடுகளிலிருந்து திரட்டிய ஏறக்குறைய 5,000 மாதிரிகளை ஆராய்ந்தவர்கள், இக்குடும்பம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கிழக்காசியாவில் தோன்றியது என்றும், நடு ஆசியாவிலும் ரஷ்யாவிலும் இன்று பரவியிருக்கிற எதிர்ப்புத் திரிபுகளில் பெரும்பகுதி இரண்டே வம்சங்களிலிருந்து வந்தது என்றும், அவற்றின் பெருக்கம் சோவியத் ஒன்றியம் சிதைந்து பொதுச் சுகாதார அமைப்பு நிலைகுலைந்த காலத்தோடு ஒத்துப்போகிறது என்றும் கண்டார்கள். அந்தச் சிதைவின்போது அங்கே வேறொரு கிளை பரவலாக இருந்திருந்தால் இன்று நாம் வேறொரு பெயருக்கு அஞ்சிக்கொண்டிருப்போம் என்பதற்குச் சான்றாகத் தென்னாப்பிரிக்காவைக் காட்டலாம். குவாசுலு-நட்டாலின் டுகேலா ஃபெரியில் அதிதீவிர மருந்து எதிர்ப்புக் காசநோய் கண்டறியப்பட்ட 53 பேரில் 52 பேர் இறந்தார்கள் என்று 2006 இல் வெளியான செய்தி உலகையே உலுக்கியது. அங்கே பரவிய முதன்மைத் திரிபு பெய்ஜிங் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. ஆபத்துக் குறைந்தது என்று பலர் எண்ணுகிற நான்காம் கிளையின் ஒரு வம்சம் அது. அதன் மரபணுக்களில் காலத்தைப் பின்னோக்கிக் கணித்தபோது, முதல் ஐசோனியாசிட் எதிர்ப்பு 1950களின் பிற்பகுதியிலேயே, அந்த மருந்து புழக்கத்துக்கு வந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே, உண்டாகிவிட்டது என்று தெரிந்தது. அந்தப் பகுதியில் எச்.ஐ.வி. பரவுவதற்கு வெகுகாலம் முன்பே வித்து விழுந்துவிட்டது.

ஆகவே உங்கள் முன்னுரையில் பெய்ஜிங் குடும்பம் எதிர்ப்புடையது என்று எழுத வேண்டாம். சில நாடுகளில், சில காலகட்டங்களில், அக்குடும்பத்தின் சில வம்சங்கள் எதிர்ப்போடு பரவின என்று எழுதினால் அது உண்மைக்கு நெருக்கமாக இருக்கும். சிகிச்சையைப் பொறுத்தவரை கிளையின் பெயருக்கு இடமே இல்லை.

நெஞ்சக மருத்துவர்:

மேலே எழுதியவரின் விளக்கத்தோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். அவருடைய கடைசி வரியை மட்டும் சற்றுத் திருத்த விரும்புகிறேன். அதற்கு முன் அவர் சொன்னது நோயாளியின் வாழ்க்கையில் எப்படி வந்து முடிகிறது என்பதற்கு ஒரு நிகழ்வைச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞரின் மரபணு வரிசை அறிக்கையில் இரண்டாம் கிளை, பெய்ஜிங் குடும்பம் என்று மேலே பெரிதாகவும், மருந்துகளுக்கான விவரம் அதற்குக் கீழே சிறிய எழுத்திலும் அச்சாகியிருந்தது. அவருடைய அண்ணன் இணையத்தில் அந்தப் பெயரைத் தேடிப் படித்துவிட்டு, தம்பி பிழைக்க மாட்டான் என்ற முடிவோடு என் முன் வந்து உட்கார்ந்தார். அந்தத் திரிபில் எந்த மருந்துக்கும் எதிர்ப்பு இல்லை. வழக்கமான நான்கு மருந்துகளில் தொடங்கி ஆறு மாதத்தில் அந்த இளைஞர் குணமடைந்தார். இடைப்பட்ட நாள்களில் அந்தக் குடும்பம் பட்ட வேதனைக்குக் காரணம் கிருமியன்று, ஒரு பெயர். அந்த அறிக்கையின் வடிவமைப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மருத்துவருக்கு முதலில் தெரிய வேண்டியது எந்த மருந்து வேலை செய்யும் என்பது. கிளை எது என்பது தொற்று எங்கிருந்து வந்தது என்று தேடுவோருக்கே முதன்மையாகத் தேவை.

இனித் திருத்தம். கிளையின் அடையாளமே மருந்தின் பயனைத் தீர்மானிக்கிற இடங்கள் சில உண்டு. மாட்டுக் காசநோய்க் கிருமி மனிதருக்கு வந்தால், வழக்கமான நான்கு மருந்துகளில் ஒன்றான பைரசினமைடு அதன்மேல் வேலை செய்யாது. பிஎன்சி-ஏ மரபணுவின் 57 ஆவது இடத்தில் ஹிஸ்டிடினுக்குப் பதில் ஆஸ்பார்டிக் அமிலம் இருப்பது அந்தக் கிருமிக்குப் பிறவியிலேயே அமைந்தது. அதிலிருந்து உருவாக்கிய பி.சி.ஜி. தடுப்பூசித் திரிபுக்கும் அதே இயல்பு உண்டு. உறவில் இன்னும் தள்ளி நிற்கிற கனெட்டி வகைக் கிருமியும் அம்மருந்துக்கு இயல்பாகவே அடங்காது. இங்கே யாரும் மருந்தைத் தவறாக உட்கொள்ளவில்லை, யாரிடமும் பிழை இல்லை. கிருமியின் பிறப்பே அப்படி. புதிய மருந்துகளில் பிரிட்டோமனிடைப் பொறுத்தவரை, முதலாம் கிளைத் திரிபுகளைக் கட்டுப்படுத்த மற்றக் கிளைகளைவிடச் சற்று அதிகச் செறிவு தேவைப்படுவதாக ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. தென்னிந்தியாவிலும் தென்கிழக்காசியாவிலும் பரவலாக இருப்பது இந்த முதலாம் கிளையே என்பதால், சாதுவான கிளை என்று அதை ஒதுக்கிவிடாமல் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது என் அழுத்தமான கருத்து. பிரிட்டோமனிட், பெடாகுவிலின், லினசோலிட் ஆகியவற்றோடு மாக்ஸிஃப்ளாக்ஸசின் சேர்ந்த ஆறு மாத வாய்வழிச் சிகிச்சையை உலகச் சுகாதார நிறுவனம் 2022 இல் பரிந்துரைத்தது. ஒன்றரை ஆண்டு, இரண்டு ஆண்டு என்று ஊசிகளோடு போராடி, சிலர் செவித்திறனையே இழந்த காலத்தைப் பார்த்தவர்களுக்கு அது எத்தனை பெரிய விடுதலை என்பது புரியும். அந்த மருந்துகளைக் காப்பாற்ற வேண்டும் என்ற கவலையில்தான் இத்தனையும் சொல்கிறேன்.

ஐசோனியாசிட் விஷயத்தில் கிளை மறைமுகமாக நுழைகிறது. இம்மருந்து கிருமிக்குள் சென்றபின் கேட்-ஜி மரபணு உண்டாக்கும் நொதியால் தூண்டப்பட்டால்தான் நஞ்சாகும். அந்த மரபணுவின் 315 ஆவது இடத்தில் செரின் திரியோனினாக மாறினால் எதிர்ப்பு வலுவாக இருக்கும், மருந்தின் அளவைக் கூட்டினாலும் பெரும்பாலும் பயன் கிட்டாது. மற்றொரு வழி, மருந்தின் இலக்கான இன்-எச்-ஏ மரபணுவுக்கு முன்னால் உள்ள தொடக்கப் பகுதியில் ஏற்படும் மாற்றம். அது இலக்கை அதிகமாக உற்பத்தி செய்யவைப்பதால் எதிர்ப்பு மிதமானது. வழக்கமாக உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் தரும் இடத்தில் 10 முதல் 15 மில்லிகிராம் வரை உயர்த்தினால் மருந்து மீண்டும் வேலை செய்ய வாய்ப்புண்டு. ஆனால் எத்தியோனமைடுக்கும் அதே இலக்கு என்பதால் அந்த மருந்து அங்கே கைவிட்டுப்போகும். இரண்டாம் கிளையில் கேட்-ஜி வழியும், முதலாம் கிளையில் இன்-எச்-ஏ வழியும் ஒப்பீட்டளவில் அதிகமாகக் காணப்படுகின்றன. இருந்தாலும் நான் பார்ப்பது நோயாளியின் திரிபில் எந்தப் பிறழ்வு இருக்கிறது என்பதை மட்டுமே; கிளையை வைத்து ஊகிப்பதில்லை.

ஆய்வக நுட்பர்:

சளி மாதிரியைக் கையில் வாங்கிச் சோதிக்கிற இடத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டும். எதிர்ப்பு இருக்கிறதா என்ற கேள்விக்கு விடை, நாம் எங்கே தேடுகிறோம் என்பதைப் பொறுத்தது.

ரிஃபாம்பிசின் எதிர்ப்பில் 95 விழுக்காட்டுக்கு மேற்பட்டது ஆர்பிஓ-பி மரபணுவின் 81 எழுத்துகள் கொண்ட ஒரு சிறு பகுதிக்குள் நிகழ்கிறது. 2010 முதல் உலகெங்கும் பரவிய எக்ஸ்பர்ட் சோதனை அந்தப் பகுதியை மட்டும் பார்த்து இரண்டு மணி நேரத்தில் முடிவு சொல்கிறது. கிருமியை மருந்தோடு வளர்த்துப் பார்க்கும் வளர்ப்புச் சோதனைக்காக வாரக்கணக்கில் காத்திருந்து, அதற்குள் நோயாளியை இழந்த காலத்தோடு ஒப்பிட்டால் அதன் அருமை தெரியும். ஆனால் எசுவாத்தினியில், அந்நாடு ஸ்வாசிலாந்து என்று அழைக்கப்பட்ட காலத்தில், 2009 இல் நடந்த கணக்கெடுப்பின் மாதிரிகளைப் பின்னர் ஆராய்ந்தபோது, பல மருந்துகளுக்கு எதிர்ப்புள்ள திரிபுகளில் 30 விழுக்காட்டில் அதே மரபணுவின் 491 ஆவது இடத்தில் ஐசோலியூசின் ஃபீனைல்அலனினாக மாறியிருந்தது. அந்த இடம் 81 எழுத்துகளுக்கு வெளியே இருப்பதால் எக்ஸ்பர்ட் அதைப் பார்க்காது. திரவ வளர்ப்புச் சோதனையிலும் இது பலமுறை மருந்துக்குக் கட்டுப்பட்டதுபோலவே தோன்றும். ரிஃபாம்பிசினுக்கான சோதனைச் செறிவை உலகச் சுகாதார நிறுவனம் 2021 இல் மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராமிலிருந்து 0.5 ஆகக் குறைத்தது, இதுபோன்ற மிதமான எதிர்ப்புகள் தப்பிப்போவதைத் தடுப்பதற்காகவே.

இதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு நடுக்கம் வரும். சோதனையில் அகப்படும் திரிபுகளுக்குச் சரியான மருந்து கிடைத்து அவை குறைகின்றன. அகப்படாத திரிபோ தவறான சிகிச்சையின் நடுவே தடையின்றிப் பரவுகிறது. அந்தத் திரிபைப் பரப்பியதில் நம் சோதனைக்கும் பங்கு உண்டு.

பெடாகுவிலினில் சிக்கல் வேறு வகையானது. ஆர்வி-0678 என்ற மரபணு, மருந்தை வெளியே தள்ளும் எம்எம்பிஎல்-5 பம்பைக் கட்டுக்குள் வைத்திருக்கும் காவலன். அந்தக் காவலன் பழுதானால் பம்பு மிகையாக இயங்கி, பெடாகுவிலினையும் கூடவே குளோஃபசிமின் என்ற மற்றொரு மருந்தையும் வெளியேற்றுகிறது. பழுது மரபணுவின் எந்த இடத்திலும் நேரலாம் என்பதால் ஓரிரு இடங்களை மட்டும் பார்க்கும் விரைவுச் சோதனை இதற்குப் போதாது. ஆனால் பம்பின் மரபணுவே சிதைந்திருக்கும் திரிபில் காவலன் பழுதானாலும் எதிர்ப்பு உண்டாகாது. மாணவி இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்: ஒரே பிறழ்வு, ஒரு பின்னணியில் எதிர்ப்பு, மற்றொன்றில் ஒன்றுமில்லை. கிளை உண்மையிலேயே பேசுகிற இடம் என்றால் அது இதுபோன்ற இடம்தான்.

ஆய்வு மாணவி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அறிக்கையைக் கண்டு அஞ்சிய அந்தக் குடும்பத்தின் நிகழ்வைப் படித்தபின், நான் முன்னுரையில் எழுதவிருந்த வாக்கியத்தை எண்ணி வெட்கமடைந்தேன்.

ஒன்று மட்டும் இன்னும் விளங்கவில்லை. எதிர்ப்புப் பிறழ்வுகள் கிருமியின் இன்றியமையாத பாகங்களில் நிகழ்கின்றன. ஆர்பிஓ-பி என்பது ஆர்.என்.ஏ. எழுதும் இயந்திரத்தின் ஒரு பகுதி அல்லவா? அதில் கைவைத்தால் கிருமி நலிவடைய வேண்டும், மருந்து இல்லாத உடலில் மற்றக் கிருமிகளோடு போட்டியிட முடியாமல் மறைய வேண்டும். அப்படியிருக்க எதிர்ப்புத் திரிபுகள் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு எப்படித் தொடர்ந்து பரவுகின்றன? மேலும், என் தரவில் இரண்டாம் கிளையில் எதிர்ப்புள்ள மாதிரிகள் மற்றக் கிளைகளைவிட மிக அதிகமாக இருக்கின்றன. அதை வெறும் வரலாறு என்று சொல்லிக் கடந்துவிடலாமா?

மரபணுவியல் ஆய்வர்:

முதலில், மருத்துவர் சொன்ன திருத்தத்தை ஏற்கிறேன். சிகிச்சையில் கிளைக்கு இடமே இல்லை என்று நான் எழுதியது மிகை. பைரசினமைடும் மாட்டுக் காசநோயும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

நலிவைப் பற்றி நீங்கள் கேட்டது ஆழமான கேள்வி. ஒருகாலத்தில் இத்துறையே அந்த நலிவை நம்பி ஆறுதல் கொண்டிருந்தது. எதிர்ப்புள்ள கிருமி பலவீனமானது, பெரிதாகப் பரவாது என்ற எண்ணத்தால், எதிர்ப்பு நோயாளிகளைக் கண்டுபிடிப்பதில் அவசரம் காட்டப்படாமல் போனது. 2006 இல் வெளியான ஓர் ஆய்வில் ரிஃபாம்பிசின் எதிர்ப்புத் திரிபுகளை அவற்றின் தாய்த் திரிபுகளோடு ஒரே குடுவையில் போட்டியிட வைத்தார்கள். ஆய்வகத்தில் உருவாக்கிய எதிர்ப்புத் திரிபுகள் எல்லாம் ஓரளவு பின்தங்கின. எவ்வளவு பின்தங்கின என்பது பிறழ்வை மட்டுமல்லாமல் அது அமர்ந்த திரிபின் மரபுப் பின்னணியையும் பொறுத்திருந்தது. நோயாளிகளிடமிருந்து எடுத்த திரிபுகளிலோ, ஆர்பிஓ-பி மரபணுவில் மிகப் பரவலாகக் காணப்படும் பிறழ்வைக் கொண்டவை ஏறக்குறைய எந்த இழப்பும் இல்லாமல் இருந்தன. உடலுக்குள் கழிந்த மாதங்களில் கிருமி தன்னைச் சரிசெய்துகொண்டிருந்தது. அந்தச் சரிசெய்தலில் ஒன்று, அதே இயந்திரத்தின் அண்டைப் பாகங்களான ஆர்பிஓ-சி, ஆர்பிஓ-ஏ ஆகிய மரபணுக்களில் நிகழும் ஈடுசெய் பிறழ்வு என்று பின்னர் தெரிந்தது. உங்கள் தரவில் ரிஃபாம்பிசின் எதிர்ப்புத் திரிபுகளை மட்டும் எடுத்து ஆர்பிஓ-சி மரபணுவைப் பாருங்கள். அதே மரபணு மருந்துக்குக் கட்டுப்படும் திரிபுகளில் எப்படி இருக்கிறது என்பதையும் ஒப்பிடுங்கள். நான் முதன்முதலாக அதைச் செய்து பார்த்த மாலையில் வெகுநேரம் இருக்கையைவிட்டு எழவில்லை.

ஆகவே நலிந்து மறைந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு இடமில்லை. பல மருந்துகளுக்கு அடங்காத காசநோயாக இன்று புதிதாகக் கண்டறியப்படுவதில் பெரும்பகுதி, சிகிச்சையின் நடுவே உண்டானதாக இல்லாமல், எதிர்ப்புள்ள கிருமியே நேரடியாகத் தொற்றியதாக இருக்கிறது. மருந்தை ஒழுங்காக உட்கொள்ளாதவர் என்று நோயாளியைப் பழிக்கும் வழக்கம் எத்தனை அநியாயமானது என்பதை இதை வைத்தே சொல்லலாம். முதல் மாத்திரையைத் தொடும் முன்பே பலருக்கு எதிர்ப்புள்ள கிருமி வந்துவிடுகிறது. பெய்ஜிங் குடும்பத்துக்கு இதில் ஒரு தனியிடம் இருக்கலாம் என்பதை நான் மறுக்கவில்லை: ஹோ சி மின் நகரத்தில் செய்யப்பட்டு 2018 இல் வெளியான பெரிய ஆய்வில், அக்குடும்பத் திரிபுகள் அங்குள்ள முதலாம் கிளைத் திரிபுகளைவிட அதிகமாகப் பரவுகின்றன என்று தெரிந்தது. அதிகமாகப் பரவும் குடும்பத்தில் ஒருமுறை எதிர்ப்பு உண்டாகிவிட்டால் அதன் பிரதிகள் பெருகுகின்றன. எதிர்ப்பைப் பெறும் திறமையும் பரவும் திறமையும் வேறு வேறு. கட்டுரைகளில் இவை இரண்டும் கலந்து பேசப்படுகின்றன.

உங்கள் எண்ணிக்கையில் இருக்கும் சிக்கலும் இங்கேதான் இருக்கிறது என்று சந்தேகிக்கிறேன். இக்கிருமி தாய்வழி மட்டுமே பெருகுவதால், ஒரே தொற்றுப் பரவலிலிருந்து வந்த நூறு மாதிரிகளில் ஒரே எதிர்ப்புப் பிறழ்வு இருந்தால், அது நூறு நிகழ்வுகள் அல்ல, ஒரே நிகழ்வின் நூறு பிரதிகள். மாதிரிகளை எண்ணினால் அந்தக் கிளை நூறு முறை எதிர்ப்பைப் பெற்றதாகத் தோன்றும். நீங்கள் செய்ய வேண்டியது, எல்லாத் திரிபுகளுக்கும் ஒரு கிளைமரம் வரைந்து, கேட்-ஜி 315 மாற்றம் அந்த மரத்தில் எத்தனை இடங்களில் தனித்தனியே தோன்றியிருக்கிறது என்று எண்ணுவது. கிளைவாரியாக அந்த எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். மரம் வரையும்போது எதிர்ப்பு இடங்களை விலக்கிவிட்டு வரைய மறக்காதீர்கள், இல்லையென்றால் உறவில்லாத திரிபுகள் எதிர்ப்பினாலேயே பக்கத்தில் வந்து உட்காரும். கூடவே, எந்தப் பிறழ்வு முதலில் வருகிறது என்பதையும் பாருங்கள். 5,000க்கும் மேற்பட்ட மரபணு வரிசைகளைக் கொண்டு 2017 இல் செய்த ஆய்வில், கிளை எதுவாக இருந்தாலும், நாடு எதுவாக இருந்தாலும், கேட்-ஜி 315 மாற்றமே பெரும்பாலும் ரிஃபாம்பிசின் எதிர்ப்புக்கு முன்னே வந்திருந்தது. எனக்கு இம்முடிவு மிக முக்கியமாகத் தோன்றுவதற்குக் காரணம், ரிஃபாம்பிசினை மட்டும் பார்க்கிற சோதனை, தொடரின் இரண்டாவது படியில்தான் விழித்துக்கொள்கிறது என்பது.

நெஞ்சக மருத்துவர்:

அந்தக் கடைசி வரியை அடிக்கோடிட்டுப் படிக்கிறேன். ஐசோனியாசிடுக்கு மட்டும் எதிர்ப்புள்ள நோயாளி, ரிஃபாம்பிசின் சோதனையில் எதிர்ப்பில்லை என்று வந்ததால் வழக்கமான சிகிச்சையில் சேர்க்கப்படுகிறார். பிந்தைய நான்கு மாதங்களில் அவருக்குத் தரப்படும் மருந்துகளில் முழு வலுவோடு நிற்பது பெரும்பாலும் ரிஃபாம்பிசின் ஒன்றுதான். நீங்கள் முதலில் சொன்ன கணக்கு உடைகிற இடம் அது. 2023 இல் உலகில் சுமார் 4 லட்சம் பேருக்கு ரிஃபாம்பிசின் எதிர்ப்புக் காசநோய் வந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அவர்களில் எத்தனை பேரின் கிருமி இந்த முதல் படியிலேயே பிடிபட்டிருக்கக்கூடும் என்ற எண்ணம் என்னைத் தொந்தரவு செய்துகொண்டே இருக்கிறது.

ஆய்வக நுட்பர்:

மாணவிக்கு அட்டவணை பற்றி ஒரு சிறு வேண்டுகோள். உலகச் சுகாதார நிறுவனம் பிறழ்வுகளின் பட்டியலை 2021 இல் 38,000க்கும் மேற்பட்ட மாதிரிகளைக் கொண்டும், 2023 இல் 52,000க்கும் மேற்பட்ட மாதிரிகளைக் கொண்டும் வெளியிட்டது. அதில் ஒவ்வொரு பிறழ்வும் எதிர்ப்போடு தொடர்புள்ளது என்பதிலிருந்து தொடர்பற்றது என்பது வரை ஐந்து வகைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. நடுவில் உள்ள மூன்றாம் வகை, இன்னும் தீர்மானிக்கப்படாதவை. உங்களுடைய கேட்-ஜி 463, ஜைர்-ஏ 95 ஆகியவற்றை முதலில் அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டு விலக்கிவிடுங்கள். பின்னர், ஆர்வி-0678 போன்ற மரபணுக்களில் தீர்மானிக்கப்படாத பிறழ்வு வந்தால் அந்தக் கட்டத்தில் கட்டுப்படும் என்று எழுதிவிடாமல், தீர்மானிக்கப்படவில்லை என்றே எழுதுங்கள். மாதிரியின் வளர்ப்புச் சோதனை முடிவு தரவுத்தளத்தில் இருந்தால், எந்தச் செறிவில் சோதித்தார்கள் என்பதையும், 2021க்கு முன்னா பின்னா என்பதையும் பக்கத்தில் ஒரு தனி நிரலில் குறித்துக்கொள்ளுங்கள். 491 ஆவது இடத்து மாற்றம் உங்கள் தரவில் எங்கேனும் இருந்து, அது கட்டுப்படுவதாகப் பதிவாகியிருந்தால், தயவுசெய்து இங்கே வந்து சொல்லுங்கள்.

ஆய்வு மாணவி:

இரண்டு மாதிரிகளில் இருக்கிறது. இரண்டும் நான்காம் கிளை, இரண்டும் ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படும் என்றே பதிவாகியிருக்கின்றன, செறிவு குறிப்பிடப்படவில்லை. ஆர்பிஓ-சி மரபணுவையும் பார்த்துவிட்டு, மரத்தை மீண்டும் வரைந்தபின் எழுதுகிறேன்.